டெஸ்ட் சர்வரில் ஓடிய டீம்

டேட்டா அனலிடிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு டேரில் மோரி என்ற பெயர் பழக்கமாக இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர், 2007-ல் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனார், கணக்குப் போட்டே என்.பி.ஏ. ஆட்டத்தை மாற்றினார் என்று கதை போகும். யூடியூபில் தேடினால் இதே கதைதான் வரிசையாக வரும். ஆனா அந்தக் கணக்கை முதலில் எந்த ஊரில் ஓட்டிப் பார்த்தாங்க, ஓடினது யாரோட கால்கள்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் முழிப்போம். என் புகாரே அதுதான்.

ஊர் டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கம். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. கிரேப்ஃப்ரூட் தோட்டங்களுக்குப் பேர் போன பகுதி. ஹியூஸ்டனுக்குப் போகணும்னா சுமார் 550 கிலோமீட்டர் வண்டி ஓட்டணும். அங்கே ஹிடால்கோ என்ற சின்ன ஊரில் 2007-ல் தொடங்கிய அணிதான் ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸ். ஆடியது டி லீக்கில். என்.பி.ஏ.வுக்குக் கீழே இருக்கும் அந்த லீக்கைத்தான் 2017-லிருந்து ஜி லீக் என்கிறார்கள்.

2009-ல் ஒரு ஒப்பந்தம் நடந்தது. டிக்கெட், விளம்பரம், அரங்கம் எல்லாம் உள்ளூர் முதலாளிகள் பார்த்துக்கொள்வார்கள். கோச் யார், என்ன ஆட்டம் ஆடுவது என்பதை ஹியூஸ்டன் முடிவு செய்யும். நம்ம பாஷையில் சொன்னா, புது கோடை நேரா புரொடக்‌ஷனில் போடாம டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்ப்போமே, வைப்பர்ஸ் அந்த டெஸ்ட் சர்வர்.

ஓட்டிய கணக்கு ரொம்ப எளிது. கோட்டுக்கு வெளியே இருந்து போடும் த்ரீ 35 சதவீதம் விழுந்தால் ஒரு ஷாட்டுக்கு 1.05 புள்ளி. கோட்டுக்கு உள்ளே நடு தூரத்திலிருந்து போடும் இரண்டு புள்ளி ஷாட் 40 சதவீதம் விழுந்தாலும் 0.80 தான். அப்புறம் எதுக்கு நடு தூரம்? வளையத்துக்கு அடியில் போ, இல்லாட்டி கோட்டுக்கு வெளியே நில். 2013-14 சீசனில் நெவாடா ஸ்மித் என்ற கோச் இதை அதன் எல்லை வரை கொண்டுபோனார். வைப்பர்ஸ் மேட்சுக்குச் சுமார் 45 த்ரீ போட்டது. அதே சீசனில் என்.பி.ஏ. அணிகளின் சராசரி அதில் பாதிகூட இல்லை. ஹியூஸ்டனே நாற்பதைத் தாண்டியது 2016-17-ல்தான். 2017-18 சீசனில்தான் என்.பி.ஏ. வரலாற்றில் முதன்முறையாக ஓர் அணி இரண்டு புள்ளி ஷாட்டைவிட த்ரீ அதிகமாகப் போட்டது. நாலு வருஷம் முன்னாடியே அந்தச் சின்ன ஊர்க்காரங்க டிக்கெட் வாங்கிப் பார்த்து முடிச்ச படம் அது!

அந்த வருட டீமில் டிராய் டேனியல்ஸ் இருந்தார். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். த்ரீ போடுவதில் டி லீக் சாதனை படைத்தார், பிப்ரவரியில் ஹியூஸ்டன் கூப்பிட்டது, ஏப்ரலில் போர்ட்லண்டுக்கு எதிரான பிளேஆஃப் மேட்சில் கூடுதல் நேரம் முடிய 12 நொடிகூட இல்லாதபோது ஒரு த்ரீ போட்டு ஜெயிக்க வைத்தார். கோச்சுகளும் அப்படியே மேலே போனார்கள். 2010-ல் வைப்பர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த கிறிஸ் ஃபின்ச் இன்று மின்னசோட்டா கோச். 2013-ல் வாங்கித் தந்த நிக் நர்ஸ் 2019-ல் டொராண்டோவுக்கு என்.பி.ஏ. பட்டமே வாங்கித் தந்தார். ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி இங்கிலாந்தில், யாரும் கவனிக்காத லீக்கில் வருஷக்கணக்கா கோச்சிங் பண்ணவங்க.

சரி, எல்லாருக்கும் லாபம்தானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோணல. 2018-19-ல் ஜி லீக் சம்பளம் ஐந்து மாத சீசனுக்கு 35,000 டாலர். அதே வருடம் என்.பி.ஏ.வில் புதுமுகத்தின் குறைந்தபட்ச சம்பளமே 8 லட்சம் டாலருக்கு மேல். ஒரே ஆட்டம், ஒரே உத்தி. டேனியல்ஸ் மாதிரி மேலே போனவர்களின் பெயராவது நமக்குத் தெரியும். அதே கணக்குக்காக தினமும் நூற்றுக்கணக்கில் த்ரீ போட்டுப் பழகி, யாரும் கூப்பிடாமலே வீட்டுக்குப் போனவர்கள் எந்த வீடியோவிலும் வருவதில்லை. 'எக்ஸ்போஷர் கிடைச்சுதே' என்கிற பதிலை நான் நம்பவில்லை. ஸ்டைபெண்ட் இல்லை, சர்டிபிகேட் மட்டும் தர்றோம் என்று சொல்லும் இன்டர்ன்ஷிப்புக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் நம்பக் கூடாது. மொத்த லீக்கும் காப்பியடித்த ஓர் உத்தியைச் சோதித்துக் கொடுத்தவனுக்கு அது எந்தக் கணக்கில் வரவு?

இன்னொன்று. டெஸ்டில் பாஸானது எல்லாம் புரொடக்‌ஷனில் பாஸாகாது என்பது நமக்கே தெரியும், டெமோ அன்னைக்கு மட்டும் கிராஷ் ஆகும் ப்ராஜெக்ட் வைத்திருக்கிறோமே! 2018 மே மாதம் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஏழாவது மேட்ச். ஜெயித்தால் இறுதிப் போட்டி. ஹியூஸ்டன் தொடர்ந்து 27 த்ரீ தவறவிட்டது. அவ்வளவு அழுத்தத்தை ஹிடால்கோ அரங்கில் யார் உருவாக்கிக் காட்ட முடியும்?

இவ்வளவுக்கும் நடுவில் அந்த டீம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. 2018-ல் பக்கத்து எடின்பர்க்கில் புது அரங்கத்துக்கு மாறியது. 2019-லும் 2022-லும் மறுபடி சாம்பியன். மொத்தம் நாலு கோப்பை, அந்த லீக்கில் வேறு எவரிடமும் அத்தனை இல்லை. ஆனால் அங்கே ஒருவன் நன்றாக ஆடினால் ரசிகனுக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வரும். சாதாரண ஒப்பந்தத்தில் இருப்பவனை ஹியூஸ்டன் என்று இல்லை, எந்த என்.பி.ஏ. அணியும் சீசன் நடுவிலேயே தூக்கிக்கொண்டு போகலாம்.

2022-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் வைப்பர்ஸின் ட்ரெவலின் குயீன். கோப்பையும் வந்தது. அந்தக் கோடையிலேயே அவர் ஃபிலடெல்ஃபியாவுடன் கையெழுத்துப் போட்டுவிட்டார். எடின்பர்க் ஆட்கள் நவம்பரில் புது சீசனுக்குப் புதுப் பெயர்களை மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார்கள்.