பிரஷர் குளிசைப் பரிசோதனை என்றால் பயந்து ஓட வேண்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அறுபது தாண்டிய ஒருவர் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு வாரமாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "வயசாளிகளுக்குப் புது பிரஷர் மருந்து கொடுத்துப் பாக்குறாங்களாம், யாரும் கையெழுத்து வைக்க வேணாம், நம்மள எலியாக்கப் பாக்குறாங்க" என்று. பேசுவது யார், எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் அக்குறணையில் கேட்டவர் மடவளைக்கு அனுப்ப, மடவளையில் கேட்டவர் கெலிஓயாவுக்கு அனுப்புகிறார்.

நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞான பாடம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு பரிசோதனை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்காமல் கையெழுத்து வைப்பதும் பிழை, கேட்காமல் ஓடுவதும் பிழை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2020இல் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்வதால் நோய் பரவாது என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியும், 2021 பெப்ரவரி வரை அனுமதி கிடைக்கவில்லை. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்தான். "விஞ்ஞானம் சொல்கிறது" என்ற பெயரில் அநியாயம் நடந்ததைக் கண்ணால் கண்ட சமூகம் நாங்கள். பிறகு தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வந்தது. 2024இல் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். சனம் சந்தேகப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். குரல் பதிவை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது கேள்வி கேட்பது ஆகாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரஷர் மருந்துப் பரிசோதனை எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையின் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 'டிரையம்ஃப்' என்ற ஆய்வு நடந்தது. அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனமும் களனிப் பல்கலைக்கழக வைத்தியர்களும் சேர்ந்து நடத்தினார்கள். கலந்துகொண்ட 700 பேரும் எங்கள் நாட்டவர்கள். சராசரி வயது 56. பாதிக்கு மேல் பெண்கள். நூற்றுக்கு 29 பேருக்குச் சீனி வருத்தமும் இருந்தது.

கொடுக்கப்பட்டது யாரும் கேள்விப்படாத மருந்தா? இல்லை. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் என்று வைத்தியர்கள் பல வருடமாக எழுதிக் கொடுக்கும் மூன்று மருந்துகள். ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் எடுத்து ஒரே குளிசையாக்கினார்கள். புதிதாக இருந்தது அந்தச் சேர்க்கை மட்டும்தான். யாருக்குக் கூட்டுக் குளிசை, யாருக்கு வழமையான சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் ஒரு வகுப்பில் போட்டுவிட்டு, "என் படிப்பித்தல் முறைதான் நல்லது" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் நம்புவோமா? குலுக்கிப் போடுவது அதற்காகத்தான்.

ஆறு மாதத்தில் கூட்டுக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் 55 பேருக்கு. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்களின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவு 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. எங்கள் கிளினிக் வரிசையில் நின்ற உம்மாமாரும் வாப்பாமாரும் உலகத்துக்குக் கொடுத்த பாடம் அது. அவர்களை எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"ஐம்பது வயதுக்காரருக்குச் சரி, எண்பது வயது உம்மும்மாவுக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கே இதில் தெளிவு இருக்கவில்லை. அவ்வளவு வயதில் பிரஷரைக் குறைத்தால் தலைசுற்றி விழுவார்கள், நன்மையைவிடத் தீமை கூடிவிடும் என்று பயந்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது 80 வயது தாண்டிய 3,845 பேர் கலந்துகொண்ட 'ஹைவெட்' ஆய்வு. மருந்து எடுத்தவர்களில் மரணம் நூற்றுக்கு 21 வீதம் குறைவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2008இல் வெளியானது. அந்தப் பெரியவர்கள் வரமாட்டோம் என்றிருந்தால், இன்றும் எங்கள் உம்மும்மாவுக்கு வைத்தியர் ஊகத்தில்தான் மருந்து எழுதிக்கொண்டிருப்பார்.

அதற்காக எல்லாரும் போய்ச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. யாராவது வாப்பாவிடமோ உம்மாவிடமோ ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால், பிள்ளைகளில் ஒருவர் கூடப் போங்கள். இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்த ஒழுக்கநெறிக் குழு எது? பேராதனை மருத்துவ பீடம் உட்படப் பல இடங்களில் இப்படியான குழுக்கள் இருக்கின்றன.

2. இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா? 2006இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

3. இப்போது எடுக்கும் குளிசைகளை நிறுத்த வேண்டுமா? தலைசுற்று, உப்புச்சத்துக் குறைவு, கிட்னி பற்றி எப்போது, எப்படிப் பரிசோதிப்பீர்கள்?

4. நோன்பு காலத்தில் என்ன செய்வது? கூட்டுக் குளிசையில் சிறுநீரை வெளியேற்றும் மருந்தும் இருக்கிறது. ஸஹருக்கா, இஃப்தாருக்கா என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது.

5. ஏதாவது நடந்தால் இரவிலும் அழைக்கக்கூடிய இலக்கம் எது? செலவு யார் பொறுப்பு?

6. இடையில் விலகினால் வழமையான கிளினிக் சிகிச்சை பாதிக்கப்படுமா? பாதிக்கப்படக் கூடாது. அது நோயாளியின் உரிமை.

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வர விடவேண்டும். சிங்களத்தில் நாலு பக்கத்தை நீட்டி "இங்க கையெழுத்து" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை ஒரு நோயாளி தனியாகக் கேட்டால் போதாது, சமூகமாகக் கேட்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு மருந்து யாருக்கு?

டிரையம்ஃபுக்குப் பின் ஜோர்ஜ் நிறுவனத்தார் தொடங்கிய கம்பனி, மூன்றாவது மருந்தை இண்டபமைடாக மாற்றிப் புதிய கூட்டுக் குளிசை செய்தது. 7 நாடுகளில் 1,385 பேரிடம் அதைச் சோதித்தபோதும் இலங்கை அதில் ஒரு நாடு. 2025 ஜூனில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதன் வேரில் எங்கள் 700 பேரும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களோ இன்னும் கிளினிக் கொப்பியோடு விடிய ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, மூன்று உறையில் மூன்று குளிசை வாங்கி வருகிறார்கள். ஒன்று கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே பாமசியில் வாங்கச் சொல்கிறார்கள். காசு இல்லாதவர் அதை விட்டுவிடுகிறார். பாரிசவாதம் எந்த வீட்டுக்கு முதலில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே எங்கள் கோரிக்கை "இங்கே ஆய்வு செய்யாதே" என்று இருக்கக் கூடாது. "எங்கள் ஆட்களிடம் சோதித்ததை எங்கள் கிளினிக்கிலும் கொடு" என்று இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகங்கள், எங்கள் வைத்தியர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சுகாதார அமைச்சிடம் பேசலாம். ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒரு வைத்தியரை அழைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைக்கலாம். பெண்களுக்கும் அதை ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் வீடுகளில் குளிசை நேரம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அதுவரை ஒரு வேண்டுகோள். அந்தக் குரல் பதிவைக் கேட்டுப் பயந்து, ஏற்கனவே எடுக்கும் பிரஷர் குளிசையையே நிறுத்திய இருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்த வேண்டாம். நிறுத்தியிருந்தால் நாளைக்கே கிளினிக் போங்கள்.

அல்லாஹ் எங்கள் பெரியவர்களுக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.