பழனிமலைக் காடு: தன்னார்வலர்களுக்கு முன்பே அங்கிருந்தவர்கள்

கொடைக்கானலில் விடுமுறை நாள்களில் தன்னார்வலர்கள் நடைபாதையோரத்து நெகிழிக் கழிவுகளைப் பொறுக்குவதையும், சோலைக்காட்டின் விளிம்பில் அயல் மரக் கன்றுகளைப் பிடுங்குவதையும் காண்கிறோம். இப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1985இல் தோன்றிய பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும், பின்னர் வந்த வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையும் நாற்றங்கால் அமைத்து மண்ணின் மரங்களை வளர்த்தன. புல்வெளிகளின் மீது நடப்பட்ட வாட்டில், பைன், தைல மரங்கள் விளைவித்த கேட்டைப் பொதுவெளியில் பேசுபொருளாக்கியதில் இத்தகையோருக்குப் பங்குண்டு.

நம் கேள்வி வேறு. இக்காட்டைப் பேணும் அதிகாரம் சட்டப்படி யாருக்கு உரியது?

2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்ட வன உரிமைச் சட்டம், 2006, சரணாலயங்களுக்கும் பொருந்தும். சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டுருவாக்கவும் மேலாண்மை செய்யவும் உள்ள உரிமையை அதன் 3(1)(ஐ) பிரிவு அங்கீகரிக்கிறது. காட்டுயிரையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தை 5ஆம் பிரிவு கிராம சபைக்கும் உரிமையாளர்களுக்கும் அளிக்கிறது. எனவே காட்டைப் பேணும் பளியர் குடியிருப்பு தன்னார்வத் தொண்டு செய்யவில்லை. தன் உரிமையைச் செயல்படுத்துகிறது.

இங்குதான் சாதிப் பட்டியல் குறுக்கிடுகிறது. பளியர் பட்டியல் பழங்குடியினர். அதே மலையில் வாழும் மலைப் புலையரோ தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக வைக்கப்பட்டுள்ளனர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி அவர்கள் போராடி வருகின்றனர். இந்த வகைப்பாட்டின் விளைவு கடுமையானது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பட்டியல் சாதியினர் ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற வகையில் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சான்றை, எழுத்தும் பட்டாவும் மறுக்கப்பட்ட மக்களிடம் கேட்கிறது சட்டம்.

ஆயினும் வழி அடைபடவில்லை. விதி 13 அரசிதழ்க் குறிப்பேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நில அளவை அறிக்கைகள் ஆகியவற்றைச் சான்றாக ஏற்கிறது. உரிமை கோராத முதியவர்களின் எழுத்துப்பூர்வ வாக்குமூலத்தையும் ஏற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை. 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு, இம்மக்கள் மலையின் நிலவுடைமைச் சாதியினரிடம் அடிமைகள்போல் உழைத்ததைக் குறிப்பிடுகிறது. அடிமைத்தனத்தின் பதிவே இன்று வாழ்விடத்தின் சான்றாகலாம்.

உழைப்பின் கேள்வியும் உண்டு. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் பாதையைச் செப்பனிடுவதும் கடும் உடலுழைப்பு. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரத்து மாணவர் விரும்பித் தரும் ஒருநாள் உழைப்பும், மலைவாழ் தொழிலாளியிடம் ‘உங்கள் காடுதானே’ என்று கூலியின்றிப் பெறும் உழைப்பும் ஒன்றல்ல. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளின் திட்டத்தில் உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் வழிகாட்டியின் ஊதியம், பாதையின் மீது கிராம சபைக்கு உள்ள உரிமைக்கு ஈடாகாது.

பழனிமலைக்குச் செல்லும் மாணவர்கள் குப்பையை அகற்றட்டும், கன்றும் நடட்டும். அத்துடன் கிராம சபை அழைத்தால் வன உரிமைக் குழுவுடன் அமர்ந்து, முதியவர்களின் வாக்குமூலங்களை எழுதிக் கொடுக்கட்டும். ஆவணக் காப்பகத்தில் பழைய அறிக்கைகளைத் தேடி நகல் எடுத்துத் தரட்டும். 1930ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று மிகச் சிலரே. இப்பணிக்குக் காலம் குறைவு.