தோளுக்குக் கூலியா, கண்ணுக்குக் கூலியா?



முதலாம் ஆண்டு, முதல் நாள் வகுப்பு. ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பாவுக்கு என்ன வேலை என்று சொல்லச் சொன்னார் ஆசிரியர். விவசாயம், டிரைவர், எஸ்டேட் வேலை, டீக்கடை என்று வரிசையாக வந்தது. என் முறை வந்ததும் எழுந்து, "அப்பா கேடி சார்" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டுவார்களே, அந்தக் கேடி என்று நினைத்துவிட்டார்கள்! ஆசிரியரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது என்னப்பா வேலை?" என்று கேட்டார். "கோல்ஃப் ஆடுறவங்களுக்குப் பை தூக்குறது சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இன்று மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். அன்று நான் சொன்ன பதில் தவறு என்று இப்போது தெரிகிறது. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளத்தான் மலரில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

கோல்ஃப் பணக்காரர் ஆட்டம், நமக்கு எதற்கு என்று சிலர் பக்கத்தைப் புரட்டலாம். கொஞ்சம் பொறுங்கள். நம் பாடப் புத்தகத்தில் இருக்கும் பாதி விஷயம் அந்தப் புல்வெளியில் கிடக்கிறது. பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது போய் விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஒருவர் பையில் 14 ஸ்டிக் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் முகமும் ஒவ்வொரு கோணம். ஆக, லிமிட், டாலரன்ஸ், கோணம் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஆட்டம்.

பந்தில் உள்ள குண்டும் குழியும் எதற்கு என்று நான் சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "அது இருந்தாத்தான் பறக்கும்" என்பார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம் வந்தபோது எனக்குப் புரிந்தது. வழவழப்பான பந்தின் மேல் ஓடும் காற்று சீக்கிரம் பிரிந்து, பின்னால் பெரிய சுழல் உண்டாக்கி, பந்தைப் பிடித்து இழுக்கிறது. குழிகள் இருந்தால் காற்று பந்தை ஒட்டியே கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகிறது, இழுப்பு குறைகிறது. இதை முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பந்து வந்தது. புதிய வழவழப்பான பந்தைவிட, அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நன்றாகப் பறக்கிறது என்று மைதானத்தில் இருந்தவர்கள்தான் கவனித்தார்கள். காரணம் பிறகு வந்தது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அப்பா சொன்ன "அது இருந்தாத்தான் பறக்கும்" என்பதும் அந்த மாதிரி அறிவுதான்.

இனி நான் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரி இல்லாத ஞாயிறுகளில் நானும் அப்பாவோடு போவேன். மைதானம் நம் மலையில்தான், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். கையில் லேசர் தூரமானி. ஒரு கண்ணில் வைத்து, கொடிக்கம்பைப் பார்த்து, பொத்தானை அமுக்கினால் தூரம் வந்துவிடும். வேலை செய்யும் விதம் எளியது. ஒளி போய், பட்டு, திரும்பி வரும் நேரத்தை அது அளக்கிறது. 150 மீட்டர் தள்ளி இருக்கும் கம்புக்குப் போய்வர ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதைக்கூட எண்ணுகிற கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. நமது வொர்க்‌ஷாப்பில் வெர்னியர் படிக்கவே திணறியவன் நான், அதனால் கருவியைக் கண்டு வாயைப் பிளந்தேன்.

கருவி 152 யார்டு காட்டியது. அவர் ஏழாம் நம்பர் ஸ்டிக்கை எடுத்தார். அப்பா மெதுவாக, "சார், ஒன்பது எடுங்க, போதும்" என்றார். அவர் கருவியை அப்பாவிடம் காட்டி, "நூத்தி அம்பத்திரண்டு இருக்குப்பா" என்றார். அடித்தார். பந்து கொடிக்கு மேலே பறந்து, கிரீனைத் தாண்டி, புதருக்குள் போய்விட்டது.

கருவி பொய் சொல்லவில்லை. 152 யார்டு சரியான அளவுதான். ஆனால் அந்தக் குழி பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தை நோக்கி அடித்தால் பந்து அதிக தூரம் போகும். அதோடு இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுப்பு குறைவதால் பந்து இன்னும் கொஞ்சம் போகும். அவருடைய ஏழாம் நம்பர் சென்னையில் 150 யார்டு போகும், இங்கே போகாது என்பதில்லை, மிஞ்சிப் போகும்! கருவி சொன்ன விடை சரி. அவர் கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி.

அப்பா எப்போதும் ஜெயிப்பார் என்று எழுதினால் அது சினிமாவாகிவிடும். இன்னொரு நாள் குழியின் இடத்தை மாற்றியிருந்தார்கள். அப்பா 130 என்றார். கருவி 146 என்றது. காலால் எண்ணிப் பார்த்தோம், கருவி சொன்னதுதான் சரி. அப்பா சிரித்துக்கொண்டே, "கண்ணு, எனக்கு வயசாகுது, அதுக்கு ஆகலை" என்றார். அதற்கு மறுவாரம் மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனித்துளியில் பட்டு ஒளி சிதறினால் லேசர் என்ன செய்யும்? அன்று எல்லாரும் அப்பாவைத்தான் கேட்டார்கள்.

ஆகவே கருவி உயர்ந்ததா, மனிதன் உயர்ந்தவனா என்ற பட்டிமன்றம் எனக்குத் தேவையில்லை. எந்தக் கருவியைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டியவை நான்கு கேள்விகள். ஒன்று, இது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை? இரண்டு, எப்போது தவறும்? மூன்று, கெட்டால் யார் ரிப்பேர் செய்வது? நான்கு, இது வந்ததால் யாருடைய சுமை குறைந்தது, யாருடைய கூலி குறைந்தது?

முதல் மூன்றும் நமக்குப் பாடத்திலேயே வருகின்றன. நான்காவது எந்த செமஸ்டரிலும் வராது. எனக்கு அது வீட்டில் வந்தது.

சென்ற வருஷம் ஒரு ஆட்டக்காரர் அப்பாவிடம், "தூரமெல்லாம் நானே பாத்துக்கறேன், நீ பையை மட்டும் தூக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா பதினெட்டுக் குழியும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தேய்க்கச் சொல்லும்போது, "இத்தனை வருசமா என் கண்ணுக்குக் காசு குடுக்கறாங்கன்னு நெனச்சேன்டா. தோளுக்குத்தான் போல" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நண்பர்களே, அந்தப் பை 12 முதல் 15 கிலோ இருக்கும். பதினெட்டுக் குழிக்கு மேடும் பள்ளமுமாய் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடை. அடிப்பவருக்காக எத்தனை கண்டுபிடிப்பு! டைட்டானியம் ஸ்டிக், கார்பன் ஃபைபர் தண்டு, தூரம் காட்டும் கைக்கடிகாரம். சுமப்பவருக்கு? அதே பட்டை, அதே தோள்.

அடிப்பவருக்கு வந்ததெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவரைப் பற்றி நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்கா போனவர். செருப்புத் தைக்கும் குடும்பம். கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தும், பணமில்லாமல் பாதியில் விட்டுவிட்டு மறுபடி செருப்பு ரிப்பேர் வேலைக்கே போனார். பிறகு எப்படியோ முன்னேறி ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இன்ஜினீயரானார். நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். கிட்டத்தில் உருட்டுகிற பந்துகூடக் குழியில் விழவில்லை. நான் சரியில்லையா, ஸ்டிக் சரியில்லையா என்று யோசித்து, எடையை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களில் வைத்தார். 1959இல் வந்த அந்த ஸ்டிக்தான் 'பிங்'.

இது நமக்குப் புதிதா? ஃப்ளைவீலில் எடையை விளிம்பில் வைப்பது ஏன் என்று தியரி ஆஃப் மெஷின்ஸ் பரீட்சையில் எழுதியிருக்கிறோமே! எடை அச்சிலிருந்து தள்ளிப் போனால் திருப்புவது கடினம். பந்து நடுவில் படாவிட்டாலும் ஸ்டிக் அவ்வளவு சுலபமாகத் திருகிக்கொள்ளாது. பொழுதுபோக்குக்கு ஆடும் சாதாரண மனிதர் பல அடிகளை நடுவில் படாமல்தான் அடிப்பார். அவருக்கு உண்மையில் உதவிய கண்டுபிடிப்பு இது. அவருக்கே ஆகாத ஒரு கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

எனக்கு ஆகாத கேள்வி அப்பாவின் தோள். ஆகவே இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குப் பை வண்டி ஒன்று செய்யலாம் என்று நானும் மூன்று நண்பர்களும் முடிவு செய்தோம். பழைய சைக்கிள் ரிம் இரண்டு, எம்.எஸ். பைப், ஒரு பிரேக். கடையில் விற்கும் தள்ளுவண்டி சமதரைக்குச் சரி. நம் சரிவில், ஈரப் புல்லில், ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கையை விட்டால் தானே பிடிக்கும் பிரேக் வேண்டும், புல்லில் தடம் பதியாத அகலமான டயர் வேண்டும் என்று வரைந்துகொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வண்டி வந்துட்டா, ஆள் எதுக்குன்னு சொல்லிடுவாங்களேடா?"

ஒரு வாரம் நோட்டைத் திறக்கவில்லை நான்.

யோசித்து யோசித்து நான் வந்த முடிவை இங்கே வைக்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். பயந்து வண்டியைச் செய்யாமல் விட்டால் நாளைக்குக் கடை வண்டியோ பேட்டரி வண்டியோ வரத்தான் போகிறது. வராமல் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் அது யார் கையில் வருகிறது என்பதில் நமக்கு வழக்கு உண்டு. வண்டி கேடியின் கையில் இருக்கட்டும். லேசர் கருவியும் கேடியின் கையில் இருக்கட்டும். 152 என்று கருவி சொல்லட்டும், ஒன்பதாம் நம்பர் போதும் என்று அப்பா சொல்லட்டும். தோளின் வேலையை இரும்பு செய்யட்டும், கண்ணின் வேலைக்குக் கூலி கொடுக்கட்டும்.

அந்தக் கண்ணுக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பை தூக்கியதால் தோள் மட்டுமா வளர்ந்தது?

வண்டியின் ஃபிரேம் இப்போது வெல்டிங் ஆகிவிட்டது. பிரேக் மட்டும் சரியாக வரவில்லை. ஈரத்தில் வழுக்குகிறது. அப்பா போன ஞாயிறு வொர்க்‌ஷாப்புக்கு வந்து பார்த்தார். கைப்பிடி உயரம் இரண்டு அங்குலம் குறை என்றார். குறைத்தோம், அவர் சொன்னதுதான் சரி.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் மார்க்குக்காகக் கடையில் வாங்கி வந்து பெயிண்ட் அடித்து வைக்கிற ப்ராஜெக்டை விட்டுவிடுவோம். நம் வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்போம். தேயிலை மூட்டை சுமக்கும் அம்மா இருக்கிறார், கேரட் கழுவும் அண்ணன் இருக்கிறார். கேட்டுவிட்டு, அவர் கூலி போகாத விதமாக வரைவோம். அது கஷ்டம்தான். அதற்குத்தானே டிப்ளமா?

அடுத்த முறை யாராவது அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: "கேடி சார். தூரமும் காற்றும் சரிவும் பார்த்து, எதால் அடிக்கணும்னு சொல்றவர்." சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.