கொடி ஏற்றியவனைக் கூண்டில் ஏற்றலாமா?

ஆப்பிரிக்க விடுதலைப் போர்களைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகங்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டே ரகம்.

“வெள்ளைக்காரன் ஒழுங்காக ஆண்டான், ரயில் போட்டான், துறைமுகம் கட்டினான். நாட்டை வாங்கிக்கொண்ட கறுப்புத் தலைவர்கள் பத்தே வருஷத்தில் பாழாக்கிவிட்டார்கள்” என்று பாடுவது ஒரு ரகம். “தலைவர் மாசு மறுவற்றவர், அவர் செய்ததெல்லாம் சரி, நேர்ந்த கேடெல்லாம் ஏகாதிபத்தியத்தின் சதி” என்று பாடுவது மற்றொரு ரகம். முன்னது விஷம், பின்னது தாலாட்டு. விஷம் குடித்தவன் சாவான். தாலாட்டுக் கேட்டவன் தூங்குவான். போராட வேண்டியவனுக்கு இரண்டுமே ஆகாது.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. விடுதலையின் பக்கம் உறுதியாக நின்றுகொண்டே, “நம் வீட்டுக் கூரையில் எங்கே ஓட்டை?” என்று தேடி எழுதியவை அவை. அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளைத் துணையாகக் கொண்டு, கானா நாட்டின் கதையை இன்று பார்ப்போம். ஆப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் வாழ்ந்த பிரிட்டிஷ் காலனிகளில் முதலில் விடுதலை பெற்ற நாடு அது. அங்கே ரயில்வேத் தொழிலாளிகளுக்கு நேர்ந்தது நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

யார் ஏற்றிய கொடி?

கானாவுக்கு அன்று கோல்டு கோஸ்டு என்று பெயர். 1948 பிப்ரவரி 28-ஆம் நாள், உலகப் போரில் பிரிட்டனுக்காக ரத்தம் சிந்தித் திரும்பிய பழைய சிப்பாய்கள், தங்களுக்கு வாக்களித்த சலுகைகளைக் கேட்டு அக்ராவில் கவர்னர் மாளிகை நோக்கி ஊர்வலம் போனார்கள். கையில் ஆயுதமில்லை, மனு இருந்தது. வழியிலேயே போலீஸ் சுட்டது. மூன்று பேர் மாண்டனர். நாடு கொதித்தெழுந்தது.

படித்த வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் “கூடிய விரைவில் சுயாட்சி” என்று பதமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, 1949 ஜூனில் தனிக் கட்சி கண்டார் குவாமே நிக்ருமா. “இப்போதே சுயாட்சி!” என்றார். அந்த ‘இப்போதே’ என்ற ஒரு சொல் உழைக்கும் மக்களை அவர் பின்னே திரட்டியது.

1950 ஜனவரியில் பொது வேலைநிறுத்தம் வந்தது. முன்னணியில் நின்றவர்கள் யார்? செகோண்டி, தகோராடி ஊர்களின் ரயில்வேக்காரர்கள். தங்கமும் மாங்கனீசும் கொக்கோவும் கப்பலேறும் வழி அது. ரயில் ஓட்டுபவன் கையை மடக்கினால் வெள்ளை சர்க்காரின் கஜானாவே மடங்கும். ரயில் எஞ்சின் டிரைவரான போபி பைனி போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பலர் வேலை இழந்தார்கள். நிக்ருமாவும் சிறை புகுந்தார்.

அந்தத் தியாகம் வீண்போகவில்லை. 1951 பிப்ரவரித் தேர்தலில், மக்கள் வாக்களித்த 38 இடங்களில் 34 இடங்களை நிக்ருமாவின் கட்சி வென்றது. ஜேம்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து நேரே ஆட்சி பீடத்துக்கு வந்தார் அவர். 1957 மார்ச் 6-இல் புதுக்கொடி பறந்தது. அந்தக் கொடிக்கயிற்றை இழுத்த கைகளில் ரயில்வேத் தொழிலாளியின் கையும் ஒன்று. இதை மறவாமல் மேலே செல்வோம்.

ஐந்து சதவிகிதம்

நிக்ருமாவைக் குறை சொல்லுமுன் அவர் செய்ததைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. விடுதலைக்கு முன்பே, 1952-இலேயே ஆரம்பப் பள்ளிச் சம்பளத்தை நீக்கினார். டெமாவில் புதிய துறைமுகம் கண்டார். வோல்டா நதியில் அகோசோம்போ அணையை எழுப்பினார். ஆப்பிரிக்கா முழுவதிலும் அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளின் போராளிகளை 1958 டிசம்பரில் அக்ராவுக்கு அழைத்து மாநாடு கூட்டினார். காங்கோவின் லுமும்பா வந்ததும் அந்த மாநாட்டுக்குத்தான்.

ஆனால் நாட்டின் வயிறு கொக்கோவை நம்பியிருந்தது. விளைவிப்பவன் கானாக்காரன், விலை வைப்பவன் லண்டன்காரன். 1954-இல் உச்சியில் இருந்த கொக்கோ விலை, 1965-க்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அணைக்கும் ஆலைக்கும் பணம் வேண்டும். எங்கே போவது?

1961 ஜூலை பட்ஜெட்டில் ஒரு வழி சொன்னார்கள். வருஷத்துக்கு 120 பவுனுக்கு மேல் சம்பாதிப்பவர் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் நூற்றுக்கு ஐந்து கட்டாயச் சேமிப்பாகப் பிடிக்கப்படும் என்றார்கள். மந்திரிக்கும் ஐந்து, பிட்டர் வேலை செய்பவனுக்கும் ஐந்து! அன்னியனிடம் கடன் கேட்காமல் சொந்த மக்களின் சேமிப்பில் நாட்டைக் கட்டுவது நல்ல நோக்கம்தான். நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களை யாராவது கேட்டார்களா?

கேட்பதற்கு இருந்த வாசலை மூன்று வருஷம் முன்னரே மூடிவிட்டார்கள். 1958-இல் வந்த தொழில் உறவுச் சட்டம் சங்கங்களை எல்லாம் ஒரே மத்திய சங்கத்தின் கீழ் கொண்டுவந்தது. வேலைநிறுத்தம் சட்டப்படி நடத்தவே முடியாத அளவுக்கு நிபந்தனைகள் விதித்தது. சந்தாவைச் சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. வசதிதானே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், தோழர்களே! சந்தாவுக்காகத் தொழிலாளியைத் தேடி ஆலை வாசலுக்கு வரவேண்டிய அவசியம் சங்கத் தலைவனுக்குப் போய்விட்டது. சந்தா தானாக வந்தது. தொழிலாளியின் குறை மட்டும் வரவில்லை. விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக் காவல் சட்டமும் அதே 1958-இல்தான் வந்தது.

செகோண்டி எழுந்தது

1961 செப்டம்பர் 4-ஆம் நாள் செகோண்டி–தகோராடித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில் நின்றது, துறைமுகம் நின்றது. சந்தையில் கடை போட்டிருந்த பெண்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. நிக்ருமா அப்போது வெளிநாட்டில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர்கள் நெருக்கடி நிலை பிரகடனம் செய்தார்கள். அவர் திரும்பி வந்து வேண்டுகோள் விடுத்தார், வேலைநிறுத்தம் அடங்கியது. அதற்குப் பிறகு, அக்டோபரில், வேலைநிறுத்தத் தலைவர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டார்கள். வெள்ளையன் காலத்தில் சிறை கண்டவர்களின் தோழர்களைச் சொந்த சர்க்கார் சிறையில் பூட்டியது!

“எதிர்க்கட்சி தூண்டிவிட்டது” என்றது அரசாங்கம். எதிர்க்கட்சி குளிர்காய நினைத்தது உண்மையே. நெருப்பு எரிந்தால் குளிர்காயப் பலர் வருவார்கள். ஆனால் நெருப்பு எதனால் பற்றியது என்பதல்லவா கேள்வி? அந்த ஏப்ரலில்தான் நிக்ருமாவே வானொலியில் பேசி, கட்சிக்காரர்கள் சொத்துச் சேர்ப்பதைக் கண்டித்திருந்தார். தலைவருக்குத் தெரிந்த ஊழல் தொழிலாளிக்குத் தெரியாமலா போகும்? மறு வருஷமே மந்திரி ஒருவரின் மனைவி லண்டனில் 3,000 பவுனுக்குத் தங்க முலாம் பூசிய கட்டில் வாங்கிய செய்தி உலகமெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தது. கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வைத்தார் நிக்ருமா. கட்டில் போனது, கறை போகவில்லை.

“சம்பளக்காரத் தொழிலாளி ஏழை நாட்டில் சலுகை பெற்றவன், அவன் போராடுவது சுயநலம்” என்று முற்போக்குப் பேசிய பண்டிதர்களும் இருந்தார்கள். செகோண்டியிலேயே ஆராய்ந்து ரிச்சர்ட் ஜெஃப்ரீஸ் 1978-இல் வெளியிட்ட நூல் இந்த வாதத்தை உடைத்தது. ரயில்வேக்காரர் எழுந்தது அந்த ஐந்து சதவிகிதத்துக்காக மட்டுமல்ல. தம் சங்கம் தம் கையை விட்டுப் போனதையும், தாம் வளர்த்த கட்சி தம்மைவிட்டு விலகிப் போனதையும் எதிர்த்தே எழுந்தார்கள் என்று எடுத்துக் காட்டினார். ஆம், அது வயிற்றின் கூக்குரல் மட்டுமல்ல, உரிமையின் குரல்!

எச்சரித்தவர்கள்

முன்கூட்டி யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். மார்ட்டினிக் தீவில் பிறந்து அல்ஜீரிய விடுதலைப் போரில் கலந்த டாக்டர் பிரான்ஸ் ஃபனான், 1960-இல் அல்ஜீரியப் போராளிகளின் தூதராக அக்ராவிலேயே இருந்தவர். செகோண்டி எழுந்த அதே 1961-இல் அவருடைய கடைசி நூல் வெளிவந்தது. அன்னியன் விட்டுப்போன நாற்காலியில் உள்நாட்டுப் பணக்காரன் உட்கார்ந்துகொள்வான். கட்சி மக்களின் குரலை மேலே கொண்டு போவதை விட்டு, மேலிடத்து உத்தரவைக் கீழே கொண்டுவரும் கருவியாகும். தலைவரின் பழைய தியாகமே மக்களைத் தூங்க வைக்கும் மருந்தாகும் என்று எச்சரித்தார். அந்த டிசம்பரிலேயே 36-ஆம் வயதில் மறைந்தார்.

எச்சரிக்கை எடுபடவில்லை. 1964-இல் ஒரே கட்சி ஆட்சிக்கு வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 99-க்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில், 1966 பிப்ரவரி 24-இல், நிக்ருமா ஹனோய்க்குப் போகும் வழியில் பீக்கிங்கில் இருந்தபோது, ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பறித்தன. அமெரிக்க உளவுத்துறை சதிகாரர்களோடு தொடர்பு வைத்திருந்ததை, அந்தத் துறையில் வேலை பார்த்த ஜான் ஸ்டாக்வெல் 1978-இல் எழுதினார். எனவே சதி உண்மை. ஆனால் நாம் கேட்கிறோம்: அந்த 99 சதவிகிதம் அன்று எங்கே போயிற்று? மாளிகைக் காவலர்கள் சண்டையிட்டார்கள். கட்சி தெருவுக்கு வரவில்லை. தெருவுக்கு வந்தவர்கள் கொண்டாட வந்தார்கள். 1950-இல் அவருக்காகச் சிறை போன தொழிலாளி 1966-இல் அவருக்காக ஒரு கல்லும் எடுக்கவில்லை. சதிகாரன் கதவைத் தட்டியபோது தாழ்ப்பாள் உள்ளே ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது!

கொண்டாடியவர்கள் கண்டது என்ன? ராணுவ ஆட்சி அரசாங்கத் தொழில்களைத் தனியாருக்கு விற்கத் தொடங்கியது. அடுத்து வந்த புசியா அரசாங்கம் 1971 செப்டம்பரில் மத்தியத் தொழிற்சங்கத்தையே கலைத்தது. தலைவர் மீது வந்த கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தை எதிரியின் கையில் கொடுத்தால் சட்டியிலிருந்து தப்பி அடுப்பில் விழுந்த கதைதான். இதையும் சேர்த்துப் படிக்காதவன் பாதிப் பாடமே படித்தவன்.

1972-இல் நாடுகடந்த நிலையில் நிக்ருமா மறைந்தார். கினியாவில் நடந்த இரங்கல் கூட்டத்தில், போர்ச்சுகீசியரை எதிர்த்து ஆயுதப் போர் நடத்திக்கொண்டிருந்த அமில்கர் கப்ரால் பேசினார். அவரைக் கொன்றது துரோகம் என்றார். அதோடு நிற்கவில்லை, அந்தத் துரோகம் வெற்றி பெறச் சமுதாயத்தின் வர்க்கப் பிளவும் கட்சியின் நிலையும் எவ்வளவு இடம் கொடுத்தன என்றும் கேட்டார். அஞ்சலிக் கூட்டத்தில் கேட்கக் கூடிய மிகப்பெரிய மரியாதையான கேள்வி அது! எட்டே மாதத்தில், 1973 ஜனவரி 20-இல், சொந்த இயக்கத்துக்குள் இருந்தவர்களே கப்ராலைச் சுட்டுக் கொன்றார்கள்.

பழங்கதையா?

இல்லை. செகோண்டிக்கு ஐம்பது வருஷம் கழித்து, 2012 ஆகஸ்ட் 16-இல், தென்னாப்பிரிக்காவின் மாரிகானாவில் கூலி உயர்வு கேட்ட சுரங்கத் தொழிலாளிகளில் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆண்டது வெள்ளை இனவெறி அரசல்ல. நெல்சன் மண்டேலாவின் கட்சி. அந்தச் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர் சிரில் ராமபோசா. 1982-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவரும் அவரேதான்! விசாரணைக் கமிஷன் அவர்மீது குற்றம் காணவில்லை. 2018-இல் அவர் நாட்டின் அதிபரும் ஆனார். ஒருவர் மீது பழி போடுவதல்ல நம் நோக்கம். சங்க அலுவலகத்திலிருந்து கம்பெனி நாற்காலிக்குப் போகும் பாதை இவ்வளவு வழவழப்பாக இருக்கிறதே, அதைத்தான் சுட்டிக் காட்டுகிறோம்.

தலைவன் நல்லவனா கெட்டவனா என்று ஆராய்வதோடு நிற்கும் ஆராய்ச்சி நமக்குப் பயன்படாது. நிக்ருமா நல்ல தலைவர்தான். அவரிடம் “இது தவறு” என்று சொல்லக் கூடிய சங்கமும், சொன்னால் சிறைக்கு அனுப்பாத கட்சியும் இருந்தனவா என்பதே கேள்வி. அவை இருந்திருந்தால் ஐந்து சதவிகிதத்தைக்கூட மக்கள் மனமுவந்து கொடுத்திருப்பார்கள்; சதி வந்த நாளில் மார்பைக் காட்டியிருப்பார்கள்.

ஆகவே தோழர்களே, சந்தா கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். கிளைக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்குக் கேளுங்கள். கேட்பவனைத் துரோகி என்பவனிடம் செகோண்டியின் கதையைச் சொல்லுங்கள். தலைவனுக்குக் கைதட்டும் கை ஆயிரம் கிடைக்கும். தவறும்போது தடுக்கும் கைதான் அவனை விழாமலும் தாங்கும்.