பட்டாளத்துச் சட்டையும் கெட்டிஸ்பர்க்கின் இரண்டு கல்லறைகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்றொரு ஊர். அங்குள்ள இராணுவப் போர்க் கல்லூரியின் ஆசிரியர்கள் 2013-14 கல்வியாண்டில் ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டார்கள். விரும்பியவர்கள் வரலாற்று மனிதர்களைப் போல உடுத்தி வரலாம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. பெரும்பாலோர் வழக்கமான உடையிலேயே வந்தார்கள். கர்னல் டக் மாஸ்ட்ரியானோ சாம்பல் நிறச் சீருடையில் வந்தார். அது கூட்டமைப்புப் படையின் சீருடை. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்துக்கொள்ளும் உரிமைக்காக நாட்டையே உடைத்துப் போரிட்ட தென் மாநிலங்களின் சீருடை.

2017-இல் அவர் ஓய்வு பெற்றார். 2018-இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முயன்று கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். 2019 மே மாதம் பென்சில்வேனியா மாநில செனட்டின் 33-ஆவது தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று வென்றார். அவரை முன்னிறுத்தியது இராணுவப் பணி. வளைகுடாப் போர், ஆப்கானிஸ்தான் என ஏறத்தாழ 30 ஆண்டுகள். அந்தப் பணியை நான் கேலி செய்யவில்லை. பட்டாளத்துக்குப் போவது எவ்வளவு கடினம் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தொகுதி எது என்று பாருங்கள் தோழர்களே. கெட்டிஸ்பர்க் அதில்தான் இருக்கிறது. சேம்பர்ஸ்பர்க்கும் அதில்தான் இருக்கிறது. 1863 கோடையில் தளபதி இலீயின் படை இந்தப் பகுதிக்குள் நுழைந்தபோது தானியத்தையும் குதிரைகளையும் மட்டும் அள்ளிக்கொண்டு போகவில்லை. சுதந்திரமாக வாழ்ந்துகொண்டிருந்த கறுப்பின ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக் கட்டி, அடிமைகளாக்கத் தெற்கே கொண்டுபோனது. அவர்களில் பலர் ஒருநாளும் அடிமையாக இருந்தவர்கள் அல்ல. பிடித்துக்கொண்டு போனவர்கள் போட்டிருந்த சட்டையைத்தான் கர்னல் படத்துக்காகப் போட்டுக்கொண்டார். பிறகு அதே மண்ணில் ஓட்டுக் கேட்டார்.

1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற பண்ணையார் கும்பலைப் போல வேடம் கட்டிப் படம் எடுத்துக்கொண்ட ஒருவர், நாகைப் பக்கம் வந்து ஓட்டுக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “அது வெறும் வேடம்தானே” என்பவர்கள் அன்றும் இருப்பார்கள். வேடம்தான். வரலாற்றில் ஆயிரம் பேர் இருக்க, அந்த ஒருவனின் உடையை எடுத்து மாட்டிக்கொள்ளக் கை கூசவில்லையே என்பதுதான் கேள்வி. அந்தப் படத்தை 2022-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. செய்தி நிறுவனம் கேட்ட பிறகுதான் கல்லூரியே அதைச் சுவரிலிருந்து கழற்றியது. அத்தனை ஆண்டுகள் அது யார் கண்ணையும் உறுத்தாமல் தொங்கியது.

“இராணுவத்தில் இருந்தவர், ஒழுக்கமானவர், நாட்டுப்பற்றாளர்” என்ற வாதம் இங்கே நமக்கும் பழக்கமானதுதான். சீருடையே ஒரு தகுதிச் சான்றிதழ் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழ் எல்லோருக்கும் ஒன்றுபோலச் செல்லுகிறதா?

கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றிய படைவீரர் கல்லறைத் தோட்டத்தை உலகமே அறியும். அதே ஊரில் லிங்கன் கல்லறை என்று இன்னொன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அது கறுப்பின மக்களின் கல்லறை. உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அந்தப் படையில் இருந்த உள்ளூர்க் கறுப்பின வீரர்கள் சுமார் 30 பேர் இந்தத் தனிக் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். தேசியக் கல்லறையில் விரல்விட்டு எண்ணத்தக்க ஓரிருவருக்கே இடம் கிடைத்தது. நாட்டைக் காப்பாற்றிய போர். அதில் சண்டையிட்டவனுக்குத் தனிச் சுடுகாடு. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது வேறு நாட்டுச் செய்தியாகத் தோன்றும்?

1946 பிப்ரவரி. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஐசக் உட்டார்ட், இராணுவம் விடுவித்த சில மணி நேரத்தில், சீருடை உடம்பில் இருக்கும்போதே, தென் கரோலினாவில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டுக் காவல்துறையினரால் தாக்கப்பட்டார். இரண்டு கண்களும் போயின. அடித்த காவல்துறைத் தலைவரை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. அதே ஆண்டு ஜூலையில், நார்மண்டிப் போர்முனையைப் பார்த்துவிட்டு வந்த மெட்கர் எவர்ஸ், மிசிசிப்பியில் தன் சொந்த ஊரில் அண்ணனோடும் நண்பர்களோடும் ஓட்டுப் போடப் போனார். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் மறித்துத் திருப்பி அனுப்பியது. அவர் சட்டமன்ற உறுப்பினராகக் கேட்கவில்லை. ஒரு ஓட்டுத்தான் கேட்டார். 1963-இல் அவரைத் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

என் பெரியப்பா பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து நடந்தே வருவார். ஊர்த்தெரு முனையில் அவர் மகன் வயதுப் பையன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “என்னடா, எப்ப வந்த?” என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். எல்லையில் எவனுக்கும் தலை குனியாதவர் அந்த முனையில் மட்டும் சற்றுக் குனிவார். அதே காலத்தில் ஊர்த்தெருவிலும் ஒருவர் பட்டாளத்தில் இருந்து வந்தார். வந்த இரண்டாவது வருடமே ஊராட்சித் தேர்தலுக்கு அவர் பெயரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். “மிலிட்டரிக்காரர், நேர்மையானவர்” என்றார்கள். பெரியப்பாவின் நேர்மையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தியாகி இம்மானுவேல் சேகரனாரும் இராணுவத்தில் பணியாற்றியவர்தான். திரும்பி வந்து தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடை தானாக மரியாதையைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் மரியாதைக்கு மெருகு போடுகிறது, அவ்வளவுதான். இல்லாதவனுக்கு அது வெறும் சட்டை.

மாஸ்ட்ரியானோ அந்த மரியாதையை வைத்து என்ன செய்தார்? 2020 அதிபர் தேர்தலில் பைடன் பென்சில்வேனியாவைச் சுமார் 80,000 வாக்குகளில் வென்றார். அந்த முடிவை ஏற்க மறுத்து, நவம்பர் 25 அன்று கெட்டிஸ்பர்க்கில் ஒரு விசாரணைக் கூட்டத்தை முன்னின்று நடத்தினார். டிரம்ப்பின் வழக்கறிஞர் ஜூலியானி வந்து பேசினார். அங்கே சந்தேகக் கூண்டில் நிறுத்தப்பட்டவை பிலடெல்பியாவின், பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் அஞ்சல் வாக்குகள். பிலடெல்பியா கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரம். அடுத்த சில நாட்களில், மாநிலத்தின் தேர்வாளர்களைச் சட்டமன்றமே நியமிக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனுக்குப் பேருந்துகளில் ஆள் அனுப்பத் தேர்தல் நிதியிலிருந்து பணம் கொடுத்தார். அவரும் அங்கே போனார். கட்டடத்துக்குள் நுழையவில்லை என்கிறார், அவர்மீது வழக்கும் இல்லை. 2022-இல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது, மாநிலத்தின் எல்லா வாக்காளர்களும் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும் என்றார். பதிவு அலுவலகத்துக்கு அலைய நேரமில்லாத கூலித் தொழிலாளியும், அடிக்கடி வாடகை வீடு மாறும் ஏழையும்தான் அந்தப் பட்டியலிலிருந்து முதலில் காணாமல் போவார்கள். அந்தத் தேர்தலில் சுமார் 15 சதவீத வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆனால் செனட் இருக்கை கையில்தான் இருந்தது. 2024-இல் அதே தொகுதி அவரையே மீண்டும் அனுப்பியது.

அதே கெட்டிஸ்பர்க் 1833-இல் பென்சில்வேனியா சட்டமன்றத்துக்கு வேறொருவரை அனுப்பியது. பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிறவியிலேயே பாதம் வளைந்தவர். போர்க்களத்தில் நின்றவர் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பொதுப்பள்ளிச் சட்டத்தை ஒழிக்க 1835-இல் முயன்றபோது அதைக் காப்பாற்றியதில் முதன்மையானவர். 1838-இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பு, ஓட்டுரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியபோது, அதில் கையெழுத்துப் போட மறுத்தார். 1863-இல் சாம்பல் சீருடைக்காரர்கள் வந்து அவருடைய இரும்பு ஆலையைக் கொளுத்தினார்கள். யார் தங்கள் எதிரி என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று சொல்லும் 14-ஆவது திருத்தத்தின் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். இறந்த பிறகும், கறுப்பின மக்களை ஒதுக்கிய கல்லறைகளை மறுத்து, நிறம் பார்க்காத கல்லறையைத் தேர்ந்தெடுத்து அங்கே படுத்திருக்கிறார்.

ஜோதிராவ் பூலே 1873-இல் ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர் மனத்தில் இருந்த அமெரிக்கா ஸ்டீவன்ஸின் அமெரிக்கா. கர்னல் படத்துக்காக உடுத்தியது எதிர்த் தரப்பின் உடை.

கடைசியாக நமக்கும் ஒரு கேள்வி. நம் இளைஞர்களும் சுவரொட்டிகளில் வாளைத் தூக்குகிறோம், “நாங்களும் போர்க்குடி” என்கிறோம். கோரேகானில் 1818-இல் சண்டையிட்ட மகர் வீரர்களை நினைவுகூர்வது நியாயம். ஆனால் அதே மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890-களில் பிரிட்டிஷ் இராணுவம் நிறுத்தியதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ‘போர்க்குடிகள்’ என்ற பட்டியலை அவன் எழுதினான், அதில் நம் பெயரை அடித்தான். சுபேதார் ராம்ஜியின் மகன் நம்மைத் தூக்கி நிறுத்தியது துப்பாக்கியால் அல்ல; படிப்பால், அமைப்பால், ஆளுக்கொரு ஓட்டு என்ற விதியால். அந்த ஓட்டில்தான் கர்னல்கள் கை வைக்கிறார்கள்.

எனவே இனி எந்த ஊரில் எந்த முன்னாள் வீரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அவர் பதக்கங்களை எண்ண வேண்டாம். யாருடைய ஓட்டைக் காப்பாற்றுவாய், யாருடைய ஓட்டைப் பறிப்பாய் என்று மட்டும் கேளுங்கள். ஊரில் எத்தனை சுடுகாடு இருக்கிறது, அதை ஒன்றாக்குவாயா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் சட்டை எந்த நிறமானாலும் வரட்டும்.