கம்ப்யூட்டரில் 25 என்றால் 25. லேத்தில் அப்படி இல்லை!

 

என்னிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன் ஒருவன் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். போன வாரம் போயிருந்தேன். "வாங்க டீச்சர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். முகம் சரியில்லை. மூலையில் 40 புஷ், எல்லாம் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தவை.

ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பியது கம்ப்யூட்டரில் வரைந்த மாடல் மட்டும். உள்துளை 25 மி.மீ. "டாலரன்ஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டிருக்கிறான். "மாடல்ல இருக்கற மாதிரியே பண்ணுங்க" என்று பதில். துளை 25.06 வந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடுகிறதாம்.

மாடலில் இருப்பது அச்சு அசலாக 25. அப்படி ஒரு துளையை யாராலும் போட முடியாது. டூல் தேயும். உலோகம் சூட்டில் விரியும். அளவெடுக்க உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. நம்மூர் பட்டறையில் 35 டிகிரி இருந்தால் 100 மி.மீ. அலுமினியத் துண்டு 0.03 மி.மீ.க்கு மேலேயே நீண்டிருக்கும். அதனால்தான் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லியாக வேண்டும். 25 பக்கத்தில் 'எச்7' என்று எழுதியிருந்தால் போதும்: 25.000 முதல் 25.021 வரை என்று அர்த்தம். எழுதாத அளவுக்கு ஐ.எஸ்.ஓ. 2768 பொது விதியைப் பார்த்தால், நடுத்தர வகுப்பில் 0.2 கூடலாம், குறையலாம். அந்தக் கணக்கில் இவன் புஷ் அத்தனையும் பாஸ்!

டாலரன்ஸ் முடிவு செய்வது வடிவமைப்பவர் வேலை. அதை லேத்காரன் தலையில் கட்டிவிட்டு, நஷ்டத்தையும் அவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? மாடலில் எழுத இடமில்லை என்ற சாக்கும் வேண்டாம். மாடல் மேலேயே டாலரன்ஸ் குறிக்க அமெரிக்காவில் 2003லேயே ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41 என்று விதிமுறை வந்துவிட்டது.

பயந்துபோய் எல்லா அளவுக்கும் ±0.01 போடுவது இன்னொரு கூத்து. வெறும் மூடியின் வெளிப்பக்கத்துக்கு எதற்கு அது? கிரைண்டிங் கூலி யார் கொடுப்பது?

எனக்கும் இதில் பங்கு உண்டு. 7 செ.மீ. கோடு போடச் சொல்லி, 7.1 வந்தால் சிவப்பு மையில் தப்புப் போட்டவள் நான். எதுவரை சரி, எதற்காக அந்த எல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் நோட்டிலும் போட்டிருப்பேன்.

இப்போது அவன் டாலரன்ஸ் எழுத்தில் வராமல் மெஷினை ஓட்டுவதில்லையாம். அந்த 40 புஷ்ஷுக்குப் பணம் இன்னும் வரவில்லை.