ஒன்பதாவது வீட்டின் உரிமை

முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கிவிட்டால் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ஒரு கணக்கெடுப்பும் தொடங்கிவிடும். யார் வீட்டுப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்கு, யார் வீட்டுப் பிள்ளை தேசியப் பள்ளிக்கு? தேசியப் பள்ளியில் பதிந்த தாயார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கோயிலுக்குப் போகவே கூச்சமா இருக்கு சார். எம்புள்ளைய நான் எங்க சேர்த்தா இவங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்பதை முடிவு செய்யும் முதல் உரிமை பெற்றோருடையது என்கிறது 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம்.

ஆனால் பள்ளி தனி ஒருவர் சொத்தல்ல. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அன்றும் எண்ணிக்கைதான். பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். செம்பனைக்கு நடுவே நிற்கும் சிறிய பள்ளியில் எட்டு வீட்டார் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினால், ஒன்பதாவது வீட்டாருக்குத் தேர்வு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. அவர்களுடையதும் தனிமனித உரிமைதானே?

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் நிராகரித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. நாம் மகிழ்ந்தோம், சரி. 152ஆவது விதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிற மொழிகளைக் கற்கவோ கற்பிக்கவோ எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது ஒரு பிரிவு. அது தனி ஆளைப் பற்றியது. ஒரு சமூகத்தின் மொழியைப் பேணும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு என்கிறது அடுத்த பிரிவு. இரண்டிலும், பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை நமக்கு எவரும் தரவில்லை.

அந்தத் தாயாரிடம் காரணம் கேட்டேன். தமிழ்ப்பள்ளிக்கு ஓடிய வேன் நின்றுவிட்டது. கணவருக்கு இரவு வேலை, அவருக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். தேசியப் பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அவரைக் குறை பேசிய யாரும் இதைக் கேட்டிருக்கவுமில்லை.

எனவே, இதைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களே, உங்கள் பழைய தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அடுத்த ஆண்டு எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், வேன் ஓடுகிறதா, ஓடாவிட்டால் மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்தத் தொகையைக் கோயில் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.